ஆளுக்கு அரை பிளேடு

ஒரு கடிதம் வந்து சேர்ந்தால் பதினைந்து நாளுக்குள் பதில் எழுத வேண்டும். அதற்குள் முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். அதுவும் வராவிட்டால் எழுதியவர் நினைவூட்டு அனுப்பலாம். மூன்று நினைவூட்டுக்குப் பிறகு மேலதிகாரிக்கு எழுதலாம். சித்தூரில் நான் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த அலுவலகத்தின் நடைமுறைக் கையேட்டில் இப்படித்தான் இருந்தது. யாரும் கடைப்பிடித்ததில்லை, நான் உட்பட. ஆனாலும் ஆவணி மாதத்தில், திருப்பதியில் இருக்கும் ஓர் அம்மாளுக்கு, என்னைத் திருமணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பியபோது, இந்த விதி பொருந்தும் என்றுதான் நினைத்தேன். மேலதிகாரி யார் என்பது மட்டும் தெளிவாக இல்லை. திருப்பதி முகவரி என்பதால் மலைமேல் இருப்பவரைத்தான் சொல்ல முடியும். அவர் வாசலில் ஏற்கெனவே கூட்டம் அதிகம்.

எனக்கு அறுபத்து நான்கு வயது. மனைவி போய் ஒன்பது வருடம். அந்த அம்மாளுக்கு அறுபத்தொன்று. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். நாங்கள் சந்தித்தது ஓய்வூதியர் சங்கக் கூட்டம் ஒன்றில். மருத்துவச் செலவைத் திரும்பப் பெறுவது எப்படி என்று நான் மேடையில் விளக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையிலிருந்து அவர் எழுந்தார்.

"சார், நீங்க சொல்றது பழைய விதி. அதுக்கப்புறம் திருத்தம் வந்துடுச்சு."

"திருத்தத்தையும் பார்த்துட்டுத்தான் சொல்றேன் மேடம்."

"நான் சொல்றது ரெண்டாவது திருத்தம் சார்."

என் உத்தியோக காலம் முழுவதிலும் என்னை யாரும் இரண்டாவது திருத்தத்தால் அடித்ததில்லை. நகல் வேண்டும் என்று சொல்லி அன்றைக்கே ஃபோன் எண்ணை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு வருடம், வாரத்துக்கு இரண்டு முறை, நகல் தேவைப்படாத விஷயங்களையும் பேசினோம். பெங்களூரில் இருக்கும் என் மகள்தான் கடைசியில், "நைனா, சும்மா மனசுல வச்சிக்கினு இருக்காத. கேட்டுடு" என்றாள். கேட்டேன். இரண்டு பக்கக் கடிதம். இணைப்பு ஒன்று, சமீபத்திய ரத்தப் பரிசோதனை அறிக்கை. இணைப்பு இரண்டு, தனக்கு ஆட்சேபணை இல்லை என்று மகள் கையெழுத்திட்ட தாள்.

பதினைந்து நாள் போயிற்று. பதினாறாம் நாள் காலை முதல் நினைவூட்டைத் தொலைபேசி வழியாகச் செய்தேன்.

"வந்துச்சு சார்," என்றார். "ரெண்டு தடவை படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. முடிவு சொல்றதுக்கு முன்னாடி ஒரு விளக்கம் வேணும். வீட்டுல நீங்க உங்க கையால செய்யிற வேலை என்னென்ன?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "காபி போடுவேன்" என்றேன்.

"பால் யாரு காய்ச்சுறாங்க?"

"வேலை செய்யிற அம்மா."

"டிகாஷன்?"

"அவங்கதான்."

"அப்போ ரெண்டையும் கலக்கறீங்க. சரி, அடுத்தது."

"துணி மடிப்பேன்."

"துவைக்கிறது?"

"மெஷின் மேடம்."

"மெஷினுக்குள்ள துணி தானா நடந்து போவுதா?"

அவர் விடவில்லை. "ஷேவிங்காவது நீங்க பண்ணிக்கிறீங்களா?"

"சலூன்ல மேடம்."

"எத்தினி வருஷமா?"

"முப்பத்தேழு."

கோபமில்லாமல், வருகைப் பதிவேடு வாசிப்பது போன்ற குரலில் சொன்னார். "சார், எங்க நைனாவுக்கு இருபது வருஷம் காலையில வெந்நீர் வச்சேன், கண்ணாடி துடைச்சு வச்சேன், முடிஞ்சதும் எல்லாத்தையும் கழுவி எடுத்து வச்சேன். அவரு படுத்த படுக்கையான அப்புறம் ஷேவிங்கும் நானே பண்ணேன். எங்க நைனா, அதனால செஞ்சேன். இன்னொரு தடவை அந்த உத்தியோகத்துல சேர எனக்கு இஷ்டமில்ல. நான் ரிட்டையராயிட்டேன்."

இடைக்காலப் பதில் என்று இதைக் கோப்பில் சேர்க்கலாம். என்னிடம் கேட்கப்பட்டது என்ன என்பது தெளிவாகத் தெரிந்தது. நான் துணை தேடுகிறேனா, ஆள் தேடுகிறேனா? ஒரு வேலையை முழுதாக, முதலிலிருந்து கடைசிவரை, என் கையால் செய்து காட்டினால் ஒழிய அந்தக் கேள்வி தீராது. சவரத்தில் தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் சலூன்காரர் ஆடி மாதத்தில் மலையில் மொட்டை போடும் கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வேறொருவர் கையில் கழுத்தைக் கொடுக்க மனம் வராமல் நான் அப்படியே விட்டுவிட்டேன். தாடி மார்பை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. ஏதோ சோகம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உண்மையான காரணம் காலிப் பணியிடம்.

பஜார் தெருவில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போய் ஷேவிங் செட் கேட்டேன். கடைக்காரர் மூன்று பிளேடு, ஐந்து பிளேடு வைத்த பிளாஸ்டிக் ரேஸர்களை வரிசையாக எடுத்துப் போட்டார்.

"இது கண்ண மூடிக்கினு பண்ணலாம் சார். தானா வழுக்கிக்கினு போவும்."

தானாகப் போவது எனக்கு வேண்டாம். தானாகப் போகும் மெஷினால்தான் ஏற்கெனவே மதிப்பெண் இழந்திருந்தேன். இரும்புக் கைப்பிடியும், மேலே திருகிப் பொருத்தும் தலையும் கொண்ட பழைய மாதிரி சேஃப்டி ரேஸரைக் காட்டச் சொன்னேன். அதில் போடுவது இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு, சலூனில் நான் தினமும் பார்த்த அதே பிளேடு. பழகிய பொருள் என்ற தைரியத்தில் அதையே வாங்கினேன். ஒரு பிரஷ், கிண்ணத்தில் வட்ட சோப்பு, ஒரு படிகாரக் கல்லும் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்தது நாள். செவ்வாய், வெள்ளி, சனி சவரம் கூடாது. அமாவாசை கூடாது. ஜன்ம நட்சத்திரத்தன்று கூடாது. இவற்றைக் கழித்துவிட்டு ஒரு புதன்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் கத்தரிக்கோலால் தாடியை ஒட்ட வெட்டினேன். பிறகு பிளேடு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முப்பத்தேழு வருடம் சலூன் கண்ணாடியில் நான் பார்த்த காட்சி ஒன்றே. அவர் புது பிளேடைக் காகிதத்தோடு எடுப்பார், நீளவாக்கில் மடிப்பார், டிக் என்று ஒரு சத்தம், பிளேடு இரண்டு பாதியாகிவிடும். ஒரு பாதி எனக்கு, மறு பாதி அடுத்து உட்காருபவருக்கு. சின்ன வயதில் மலைக்கு மொட்டை போடப் போனபோதும் சீட்டோடு சேர்த்துக் கையில் கொடுத்தது அரை பிளேடுதான். ஆகவே ஆளுக்கு அரை பிளேடு என்பது எனக்கு ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்த ஒதுக்கீடு. முழு பிளேடைப் போட்டுக்கொள்வது, பஸ்ஸில் ஒரு டிக்கெட் வாங்கி இரண்டு சீட்டில் துண்டு போடுவது போன்றது. காகிதத்தோடு மடித்தேன். டிக். அந்தச் சத்தம் சரியாக வந்ததில் எனக்கு ஏற்பட்ட பெருமையை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அரை பிளேடு ரேஸருக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. திருகியதும் ஒரு முனை வெளியே எட்டிப் பார்த்தது. மறு பக்கம் காலி. அந்தக் காலியான பக்கம் பாதுகாப்புக்காக என்று எடுத்துக்கொண்டேன். பெயரே சேஃப்டி ரேஸர்தானே.

பிளேடு இருந்த பக்கம் ஐந்து இடத்தில் வெட்டியது. இல்லாத பக்கம் மிக மென்மையாகப் போனது, நுரையை மட்டும் வழித்தது. படிகாரக் கல்லை முகத்தில் தேய்த்தபோது கண்ணில் நீர் வந்தது. மீதிப் பாதியைக் காகிதத்தில் சுற்றி அடுத்த முறைக்கென்று பத்திரப்படுத்தினேன். இப்படி இரண்டு வாரத்தில் நான்கு முறை. எந்த முறையும் ரத்தம் குறையவில்லை. நான் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். இதைத் தேர்ச்சி என்று கருதி, புரட்டாசித் தொடக்கத்தில் ஒரு நாள் திருப்பதிக்கு பஸ் ஏறினேன்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, "ஏம் சார், பில்லி கீரிந்தா?" என்று தெலுங்கில் கேட்டார். பூனை பிறாண்டிவிட்டதா என்று அக்கறையான விசாரிப்பு. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சந்திரகிரி தாண்டி மலை தெரிந்ததும் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டேன். திருப்பதித் தெருக்களில் முழு மொட்டைக்குப் பெரிய மரியாதை உண்டு, சந்தனம் பூசிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கலாம். அரைகுறைத் தாடிக்கும் பிளாஸ்டருக்கும் அப்படி ஒன்றும் இல்லை.

அவர் கதவைத் திறந்தார். பார்த்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எதிரில் அமர்ந்தார். விடைத்தாளைப் பார்க்கும் முகம்.

"யாரு சார் இப்படிப் பண்ணது?"

"நானேதான் மேடம். என் கையால."

"பிளேடு எப்படி மாட்டினீங்க? சொல்லுங்க, கேக்கறேன்."

"பாதியா ஒடைச்சு, ஒரு பாதியை மாட்டி..."

"மத்த பாதி?"

"அடுத்த தடவைக்கு எடுத்து வச்சிருக்கேன்."

முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு அதுவும் போதாமல் எழுந்து சமையலறைக்குள் போனார். உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஒரு வருடமாக ஃபோனில் பேசியிருக்கிறேன், அவர் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. முகம் எரிந்துகொண்டிருந்தாலும் எனக்கு அந்த நாற்காலி பிடித்துப்போயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "சார், அது முழு பிளேடுதான். ரெண்டு பக்கமும் ஷேவ் பண்ணணும். ஒரு பக்கம் நுரை சேந்துச்சுன்னா ரேஸரைத் திருப்பிக்கணும். அதுக்குத்தான் ரெண்டு பக்கம்."

"இது எதுல போட்டிருக்குது மேடம்?"

"டப்பா மேலயே படம் போட்டிருப்பான் சார்."

டப்பாவை வாங்கிய அன்றே குப்பையில் போட்டிருந்தேன். எல்லா நடைமுறையும் தெரிந்தவனுக்குப் படம் எதற்கு?

"அப்போ என் மனு தள்ளுபடியா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்க நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை.

அவர் அதைக் கவனித்தார். "தள்ளுபடி இல்ல. குறைய நிவர்த்தி பண்ணிட்டு மறுபடி சமர்ப்பிங்க" என்றார். காபியும் கொடுத்தார், கலந்தே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மலையில் இருக்கும் சலூன்காரருக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு வேறு ரகம்.

"இன்னா சார் நீங்க, நான் ரெண்டு மாசம் இல்லன்னா இப்படியா? நான் ஒடைக்கிறது என் கத்திக்கு சார். அதுக்குப் பாதிதான் சேரும். உங்களுது வேற சாமான்."

"அது இப்போ தெரிஞ்சுடுச்சு."

"ஒண்ணு பண்ணுங்க. மேல வந்துடுங்க. ரெண்டு நிமிஷத்துல பளபளன்னு பண்ணி அனுப்பறேன். நேரா எறங்கிப் போய், நானே பண்ணேன்னு சொல்லிக்கங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

நான் ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மலையிலிருந்து அந்த அம்மாள் வீட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. "அவங்களுக்குத் தெரிஞ்சுடும்" என்றேன்.

"அப்போ ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சிக்கங்க. அழுத்தாதீங்க. ரேஸருக்கே வெயிட்டு இருக்குது, அது வேலையப் பாத்துக்கும். நீங்க ஆபீஸ்ல ஃபைல அடுத்த சீட்டுக்குத் தள்ளிட்டு சும்மா குந்திக்கினு இருப்பீங்களே, அந்த மாதிரி கைய வச்சிக்கினு இருங்க."

எனக்குக் கிடைத்த தொழில் ஆலோசனைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. அடுத்த புதன்கிழமை முழு பிளேடைப் போட்டேன். வெந்நீரில் துண்டை நனைத்து முகத்தில் வைத்தேன். கிண்ணத்தில் பிரஷைச் சுழற்றினேன். சோப்பு முதலில் தண்ணீராக ஓடும், பொறுத்துச் சுழற்றினால் மோர் போலாகும், இன்னும் பொறுத்தால் கெட்டித் தயிராகும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். கன்னத்தில் ரேஸரைச் சாய்த்து, அழுத்தாமல், கீழே விட்டேன். ஒரு சத்தம் வந்தது. மணல் காகிதத்தை விரல் நுனியால் தடவும் சத்தம். சாய்வு சரியாக இருந்தால்தான் அது கேட்கும், தப்பினால் நின்றுவிடும். என் கன்னத்திலிருந்து இப்படி ஒரு சத்தம் வரும் என்று தெரியாமலே அறுபத்து நான்கு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

வேறு பலவும் தெரியாமல்தான் இருந்தன. கழுத்தில் என் முடி கீழ்நோக்கி வளரவில்லை, இடமிருந்து வலமாகப் படுத்திருந்தது. மோவாய்க்கு அடியில் ஒரு மச்சம் இருந்தது, சலூன்காரர் மட்டும் அறிந்த மச்சம். மேலுதட்டை மூக்கின் கீழே இழுத்துப் பிடித்தால் நான் என் சித்தப்பா மாதிரி இருந்தேன். கார்த்திகை வந்தபோது காலையில் எழுந்ததும், இன்று செவ்வாய் இல்லையே, வெள்ளி இல்லையே என்று நாள்காட்டியைப் பார்க்கும் ஆளாகிவிட்டேன். முடித்துவிட்டுக் கையால் கன்னத்தைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்து நிற்பேன். எதிர்வீட்டுக்காரர், என்ன சார் விசேஷம் என்பார். ஒன்றும் இல்லை என்பேன். நாக்கின் நுனிவரை விசேஷம் இருக்கும்.

நடுவில் ஒரு சங்கடம். வாஷ்பேசின் அடைத்துக்கொண்டது. குழாய் வேலை செய்பவர் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் நானே ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டேன். சோப்பும் முடியுமாக வெளியே வந்ததைப் பார்த்த பிறகு, இனி ஒவ்வொரு முறையும் அன்றன்றே துடைத்துவிடுவது என்று எனக்கு நானே ஓர் உத்தரவு போட்டுக்கொண்டேன். நான் போட்ட உத்தரவுகளில் நானே நிறைவேற்றியது அதுதான்.

இரண்டாவது நினைவூட்டை அனுப்பலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, மார்கழித் தொடக்கத்தில் அவரே கூப்பிட்டார்.

"சார், கள ஆய்வு பண்ணணும். திங்கக்கிழமை ரேஸரை எடுத்துக்கினு வாங்க. சனி, ஞாயிறு ஷேவ் பண்ணாதீங்க."

"சனிக்கிழமை எப்படியும் பண்ணமாட்டேன் மேடம்."

"ஞாயித்துக்கிழமையும் பண்ணாதீங்க. தாளைப் பாக்காம மார்க் போடமுடியாது."

திருப்பதியில் அவர் வீட்டின் பின்கட்டில், வெளியே பார்த்தபடி ஒரு வாஷ்பேசின். மேலே சின்னக் கண்ணாடி. தலையைத் திருப்பினால் மலை தெரியும். அவர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு முறத்தில் முருங்கைக்கீரையை வைத்து உருவத் தொடங்கினார். நான் பையைத் திறந்து எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன்.

"வெந்நீர்?" என்றேன்.

"அடுப்பு அங்க இருக்குது சார். தீப்பெட்டி பக்கத்துல."

போனேன். பாத்திரம் எங்கே என்று கேட்கவில்லை, தேடி எடுத்தேன். வெந்நீரோடு திரும்பியபோது அவர் கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிரஷைச் சுழற்றினேன். மோர், பிறகு தயிர். முதல் இழுப்பில் சத்தம் வந்தது, நிம்மதியாயிற்று. ஓர் ஆளுக்கு முன்னால் சவரம் செய்துகொள்வது, அதுவும் இந்த ஆளுக்கு முன்னால், எனக்குத் துறைத் தேர்வைவிடக் கடினமாக இருந்தது.

"அந்த எடத்துல கை நின்னுடுச்சு," என்றார், தலையைத் தூக்காமல்.

"குளிரு மேடம்."

"வெயில் அடிக்குது சார்."

கழுத்தில் குறுக்காக ஓட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் கீரை உருவுவதை நிறுத்தினார். "எங்க நைனாவுக்கும் அப்படித்தான், கழுத்துல குறுக்கால" என்றார். அப்புறம் மறுபடி கீரை. நான் முகத்தைக் கழுவினேன். ரத்தம் இல்லை. ரேஸரைப் பிரித்து அலசி, பிரஷை உதறி, வழக்கம் போல பேசினைத் தண்ணீர் விட்டுச் சுற்றித் துடைத்து, அந்தத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். மதிப்பெண் கேட்கலாம் என்று திரும்பினேன். அவர் முறத்தோடு எழுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க சார்," என்று மட்டும் குரல் வந்தது.

முருங்கைக்கீரைப் பொரியல் நன்றாக இருந்தது. ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எழுத்துல வரும்" என்று வாசலில் சொன்னார். எழுத்து மூலம் பதில் சொல்கிறேன் என்று எத்தனை பேரை நான் அலைய விட்டிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே சித்தூருக்கு பஸ் ஏறினேன்.

மார்கழி முழுவதும் தபால்காரர் என் வாசலைத் தாண்டிப் போனார். கடைசியில் இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவது நினைவூட்டையே எழுதிவிட்டேன், கொஞ்சம் காரமாக. போகி விடியலில் தெருவில் பழைய பாயும் தாளும் எரிந்துகொண்டிருந்தபோது, பண்டிகை நாளில் ஒருவரை அவசரப்படுத்தக் கூடாது என்று தோன்றி அதை நெருப்பில் போட்டேன். பதினொரு மணிக்குத் தபால்காரர் வாசலில் நின்றார். ஒரு பக்கக் கடிதம், கணக்கு டீச்சரின் சாயாத எழுத்து.

"பார்வை: தங்கள் கடிதம். கள ஆய்வில் கண்டவை வருமாறு. இடது தாடையின் கீழ் இரண்டு இடம் விட்டுப்போயிருந்தது. காதோரம் சோப்பு. சவரம் சுமார். ஆனால் வாஷ்பேசினில் ஒரு முடிகூட இல்லை. இருபது வருடம் எங்கள் நைனாவின் பேசினைத் துடைத்திருக்கிறேன். யாரும் சொல்லாமல், யாருக்கும் காட்டாமல், தானே துடைத்துத் துணியைப் பிழிந்து போட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். ஆகவே சம்மதம். தையில் நாள் பார்க்கலாம். வெந்நீர் அவரவர் வைத்துக்கொள்வது."

மகளுக்கு ஃபோன் போடுவதற்கு முன், சலூன்காரருக்குச் சொல்வதற்கு முன், கை பழக்கத்தில் பேனாவை எடுத்தது. விதிப்படி பதினைந்து நாள். தாமதத்துக்கு விளக்கம் கேட்கவில்லை. உறையின் ஓரத்தில் பெறப்பட்ட தேதியை மட்டும் குறித்தேன்: மார்கழி கடைசி நாள், போகி.